நாற்பத்தெட்டுச் சீனப் பெயர்கள்

செக்கிங் அக்காவின் மேசையில் எப்போதும் ஒரு பென்சில் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண பென்சில்தான், பாதிக்கு மேல் சீவித் தீர்ந்திருக்கும். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் எந்தச் சாமானும் அந்தப் பென்சிலுக்குத் தப்பிச் சூளைக்குள் போனதில்லை. அக்கா சாமானைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பார். பிறகு கவிழ்த்து, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு இல்லாத அடிப்பக்கத்தில் ஒரு குறி போடுவார். டிக் போட்டால் சூளைக்குப் போகலாம். வட்டம் போட்டால் சந்தேகம். ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பேனாவால் போடக் கூடாதா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "சில மை கறையா நின்னுடும் பாப்பா. பென்சிலுன்னா நெருப்புல எரிஞ்சி போயிடும். வாங்குறவங்க கவுத்துப் பாத்தா வெள்ளையா இருக்கணும் இல்ல?" என்றார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கம்மாபுரம் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அதற்கு முன் விருத்தாசலத்தில் ஒரு டிடிபி சென்டரில் இரண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும் தட்டியிருந்தேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் முதலாளி என்னை ஆபீஸில் உட்கார வைத்தார். கம்பெனியில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப்பூ நான். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு கம்ப்யூட்டர்ல எத வேணும்னாலும் கொண்டாந்துடும்" என்பார். அவர் சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பிவிட்டேன்.

அக்கா நாற்பதைத் தாண்டியவர், ஐந்தாவதுவரை படித்தவர். செக்கிங் நாற்காலிக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் பலகை தூக்கியிருக்கிறார். அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமான்களை நீளப் பலகையில் வரிசையாக வைத்து, பலகையைத் தோளில் சாய்த்து, காயப்போடும் கொட்டகைக்குக் கொண்டுபோகிற வேலை அது. ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடது கால் முறிந்தது. கட்டுப் பிரித்துப் பார்த்தபோது அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அதன் பிறகுதான் இந்த நாற்காலி. ஆபீஸை விட்டால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை கம்பெனியில் அது ஒன்றுதான். வீட்டில் புருஷன் இல்லை. மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சேரு இல்லன்னா என் வூடு இல்ல பாப்பா" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை சொன்னார். பெருமூச்சு விட்டெல்லாம் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

எங்கள் கம்பெனி அதுவரை செய்தது பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும்தான். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலம் பினாங்கிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. இறந்தவர்களின் சாம்பலைச் சின்னச் சின்ன மாடங்களில் வைத்துப் பாதுகாக்கிற கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மாடத்தின் முகப்பிலும் பதிக்க உள்ளங்கை அளவில் முட்டை வடிவப் பீங்கான் தகடு வேண்டும், அதில் இறந்தவரின் பெயர் சீன எழுத்தில் இருக்க வேண்டும். முதல் தடவைக்கு நாற்பத்தெட்டுப் பெயர்கள். அவர்கள் முன்னோர்களைக் கும்பிடுகிற நாள் ஏப்ரல் தொடக்கத்தில் வரும், அதற்குள் மாடங்களில் பதித்துவிட வேண்டும் என்றார்கள். வெளிநாட்டு ஆர்டர் என்பதால் முதலாளி அந்த வாரம் முழுக்க இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

ஏஜென்ட் இரண்டு பொருள்கள் அனுப்பினார். ஒன்று, வரிசை எண் போட்டுக் கையால் எழுதிய பெயர்ப்பட்டியலின் ஃபேக்ஸ். இன்னொன்று, அதே பட்டியலை டைப் அடித்துப் போட்ட ஃபிளாப்பி. ஃபேக்ஸ் மங்கலாக இருந்ததால் அச்சுக்கு ஃபிளாப்பிதான். நான் அதிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் சிவகாசியில் ஸ்டிக்கர் அடித்துத் தருவார்கள். ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, சுட்ட தகட்டின்மேல் வழுக்கி ஒட்டி, மறுபடி சூளையில் வைத்தால் எழுத்து கிளேஸோடு ஒன்றிவிடும். அப்புறம் சுரண்டினாலும் போகாது.

ஃபிளாப்பியைத் திறந்தேன். தலையில் புள்ளியும் கோடும் முளைத்த ஆங்கில எழுத்துகள், நடுநடுவே பவுண்டு குறி, யென் குறி. சீனம் என்று சொல்ல ஒரு எழுத்து இல்லை. நான் அசரவில்லை. டிடிபியில் தமிழே அப்படித்தான் வந்து விழும். அந்தக் காலத்தில் தமிழுக்குக் கடைக்கு ஒரு ஃபாண்ட். ஒரு கடையில் தட்டியதை இன்னொரு கடையில் திறந்தால் மணமகன் பெயர் பூச்சியும் புழுவுமாகத் தெரியும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, சரியான ஃபாண்டை மாற்றினால் பளிச்சென்று தமிழ் வந்துவிடும். எழுத்து உடைந்தால் ஃபாண்டை மாற்று, எழுத்து வந்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு வருஷம் நான் கற்றது இந்த ஒரு மந்திரம்தான்.

கம்ப்யூட்டரோடு வந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் சிடியைத் தேடி எடுத்தேன். அதில் மற்ற மொழிகளின் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது. சீனத்துக்கு மட்டும் இரண்டு போட்டிருந்தது: சிம்ப்ளிஃபைடு ஒன்று, டிரடிஷனல் ஒன்று. எளிமையானது, பழைய முறை என்று இரண்டு இருந்தால் யார் கஷ்டமானதை எடுப்பார்கள்? ஹார்டு டிஸ்க்கிலும் இடம் குறைவு. எளிமையானதைப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பிரவுசரில் ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்கச் சீனம். அடர்த்தியாக, கறுப்பாக, ஒவ்வொன்றும் ஒரு கோபுரம் மாதிரி. முதலாளி ஓடி வந்து பார்த்தார், டீ வாங்கிவரச் சொன்னார். அங்கங்கே சில இடங்களில் வெறும் கட்டம் மட்டும் இருந்தது. சீன எழுத்தில் கட்டம் இருக்கத்தானே செய்கிறது, ஃபேக்ஸில்கூட எத்தனை கட்டம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஃபேக்ஸில் மூன்று எழுத்துப் பெயர் என்றால் திரையிலும் மூன்றுதான் இருந்தது. எண்ணிக்கை சரி, எழுத்தும் வந்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

ஸ்டிக்கர் வந்து, வரிசை எண்படி தகடுகளில் ஒட்டி முடித்து, செக்கிங் மேசைக்குப் போனது. மத்தியானம் அக்கா ஒரு கையில் ஃபேக்ஸையும் இன்னொரு கையில் ஒரு தகட்டையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நொண்டி நொண்டி வந்தார். ஏழாம் எண்.

"பாப்பா, இங்க பாரு. தாள்ல மூணு கோடு, நடுவுல ஒரு கம்பு. ஏணி மாதிரி இருக்குது. தகட்டுல அந்த எடத்துல வெறும் கட்டந்தான் இருக்குது."

"அது கையெழுத்துக்கா, இது அச்செழுத்து. நம்ம தமிழ்லயே கையால எழுதுனா வேற மாதிரி இருக்கும்ல?"

"ஒண்ணு ரெண்டுன்னா நான் ஏன் கேக்குறேன்? நாப்பத்தெட்டும் அப்படித்தான் இருக்குது. ஒண்ணுகூட தாளோட ஒக்கார மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்தாவது படித்தவர் என் கம்ப்யூட்டரில் குறை சொல்வதா என்ற கோபம்தான், மூடி மறைப்பானேன்? "உங்களுக்குச் சீனம் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமா?" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஒரு பிரிண்ட்டு எடுத்து அவங்களுக்கே ஃபேக்ஸு போட்டுக் கேட்டா என்னா பாப்பா?" என்றார். நல்ல யோசனை. ஆனால் அப்படிக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். தேவையில்லை என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். அக்கா திரும்பிப் போய் நாற்பத்தெட்டுத் தகடுகளின் அடியிலும் வட்டம் போட்டார்.

ஸ்டிக்கர் சூடு போட எஸ்டேட்டின் பொதுச் சூளைக்குத்தான் போவோம். கம்பெனிக்குக் கம்பெனி முறை வைத்து விடுவார்கள்; முறை தவறினால் அடுத்த வாரம்தான். அன்று எங்கள் முறை. அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சூளைக்காரர் வந்து நின்றார். தகடுகள் தட்டுகளில் எழுத்து மேலே தெரியும்படி அடுக்கியிருந்தன, அடியில் இருந்த வட்டம் அவர் கண்ணில் படவில்லை. "ஆபீஸ்ல ஓகே தானம்மா?" என்றார். "ஓகே, ஏத்துங்க" என்றேன். மறுநாள் தகடுகள் பளபளவென்று வந்தன. எழுத்துகள் அசைக்க முடியாமல் ஒட்டியிருந்தன, அடிப்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. உபரியாகச் செய்து கூடவே சுட்ட ஒரு தகட்டை முதலாளி ஷோகேஸில் வைத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆபீஸில் சொல்லிவிட்டார்கள் என்றால் அதற்குமேல் பேசுவது அவர் வழக்கமில்லை.

மூன்று வாரம் கழித்து ஏஜென்ட் போன் செய்தார். முதலாளி நின்றுகொண்டே கேட்டார். தகடுகளில் இருப்பது பெயர்களே இல்லையாம். யாராலும் படிக்க முடியாத எழுத்துகளும் வெறும் கட்டங்களுமாம். ஒரு வயதான அம்மாள் தன் வீட்டுக்காரர் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டாராம். கும்பிடுகிற நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, சரியாகச் செய்து அனுப்ப முடியுமா முடியாதா என்று கேட்டிருக்கிறார்கள். முடியும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த முதலாளி என்னைத் திட்டவில்லை. வெளியே போய் அக்காவைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டரு தப்பு பண்ணும். அதப் புடிக்கத்தானம்மா ஒன்ன அங்க ஒக்கார வச்சிருக்கேன்? தாளயும் தகட்டயும் பக்கத்துல வச்சிப் பாக்க மாட்டியா?"

"பாத்தங்க மொதலாளி. நாப்பத்தெட்டுலயும் வட்டம் போட்டேன். பாப்பாகிட்டயும் சொன்னேன்."

முதலாளி ஷோகேஸைத் திறந்து அந்தத் தகட்டைக் கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "எங்கம்மா வட்டம்?" என்றார். "சூளயில எரிஞ்சிருக்கும்ங்க" என்றார் அக்கா. எரியும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது சாக்குச் சொல்கிற மாதிரித்தான் கேட்டது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களாம்மா?"

ஆமாம் என்று சொன்னால் இந்த ஆபீஸ் நாற்காலி போகும், வீட்டில் உட்கார வைத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பதுதான் அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது. "இல்லைங்க சார்" என்றேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் செக்கிங் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா பலகை தூக்கப் போயிருந்தார்.

என் மேசைக்கு நேரே ஜன்னல். அச்சுக் கொட்டகையிலிருந்து காயப்போடும் கொட்டகைக்குப் போகிற வழி அந்த ஜன்னலுக்கு வெளியேதான். அக்கா பலகையோடு போகும்போது குட்டைக் கால் இறங்கும் பக்கம் பலகை சாயும். சாமான் சரியாமலிருக்க ஒவ்வொரு எட்டுக்கும் தோளைத் தூக்கிக் கொடுப்பார். எட்டு நாள் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எப்படிச் சாப்பிடுவாள்? டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. முதலில் தப்பு எங்கே என்று கண்டுபிடிப்போம், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கோழைக்கு ஏதாவது ஒரு 'முதலில்' கிடைத்துவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். கம்ப்யூட்டருக்கு எழுத்தென்று ஒன்று கிடையாது, எல்லாம் எண்தான். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சீனத்துக்கு அப்படி இரண்டு பட்டியல்கள் இருந்திருக்கின்றன. சீனாவில் ஒன்று, தைவான், ஹாங்காங் பக்கம் இன்னொன்று. ஒரு பட்டியல்படி தட்டிய எண்களை மற்றப் பட்டியலை வைத்துப் படித்தால், அந்த எண்ணில் அங்கே எந்த எழுத்து இருக்கிறதோ அது வந்து நிற்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் கட்டம் வரும். வந்து நின்றதும் சீன எழுத்துதான், ஆனால் அது யாருடைய பெயரும் இல்லை. தமிழ் உடைந்தால் நமக்குக் கண்ணில் பட்டுவிடும். தெரியாத மொழி உடைந்தால் அழகாகத்தான் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் ஆபீஸில் பழைய ஃபைல்களை அழித்து இடம் பண்ணி, அன்று வேண்டாமென்று விட்ட டிரடிஷனல் சீனத்தையும் சிடியிலிருந்து ஏற்றினேன். ஃபைலைத் திறந்து, மெனுவில் பட்டியலை மாற்றினேன். திரை ஒரு முறை வெளுத்து மறுபடி எழுதிக்கொண்டது. இந்தத் தடவையும் சீனம்தான். சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏழாம் எண்ணுக்கு ஓட்டினேன். மூன்று கோடு, நடுவில் ஒரு கம்பு. அக்கா சொன்ன ஏணி. ஃபேக்ஸை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் தாளோடு உட்கார்ந்தது. ஜன்னலுக்கு வெளியே அக்கா பலகையோடு போய்க்கொண்டிருந்தார். சரியானதைக் கண்டுகொள்ளவும் எனக்கு அவர் சொன்ன அடையாளம்தான் வேண்டியிருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்த மத்தியானம்தான்.

எழுந்து முதலாளியிடம் போனேன். அக்கா சொன்னார், வட்டமும் போட்டார், நான்தான் ஏற்றச் சொன்னேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வேலையை விட்டுப் போ என்பார் என்று நின்றேன். "இந்த நாப்பத்தெட்ட முடிச்சிக் குடு. அப்பறம் பேசுவோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கிட்ட சொன்னா ஆச்சா? போயி அந்தம்மாகிட்ட சொல்லு" என்றார்.

கொட்டகையில் அக்கா பலகையைத் தாங்கிக்கொண்டு நின்றார். "முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அவர் அவசரப்படாமல் பலகையைத் தாங்குகட்டையில் வைத்தார், ஒரு சாமான்கூட அசையவில்லை. கையைத் துணியில் துடைத்தார்.

"நீங்க பொய் சொன்னது எனக்கா தெரியாது?" என்றார். பிறகு, "பேரெல்லாம் இப்ப சரியா வந்திருச்சா மேடம்?" என்று கேட்டார்.

அந்தப் பெயர்கள் யாருடையவை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் மட்டும் அந்த எட்டு நாளும் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையில் மறுபடி நாற்காலிக்கு வந்தார். இந்த முறை பிரிண்ட்டைப் பினாங்குக்கே ஃபேக்ஸ் போட்டுக் கேட்டோம். சரி என்று பதில் வந்தது. தகடுகள் செக்கிங்குக்கு வந்தபோது அக்கா முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மேடமும் ஒரு குறி போடணும்ங்க. எரியாத கலர்ல." அன்றிலிருந்து அது கம்பெனி வழக்கமாகிவிட்டது. நாற்பத்தெட்டுத் தகடுகளின் பின்னாலும், சூளையில் போகாத பழுப்பு நிறத்தில், மெல்லிய பிரஷ்ஷால் என் இனிஷியலை எழுதினேன். எழுத்து கோணியதில் முதல் இரண்டை அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. தகடுகள் கும்பிடுகிற நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. என் வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்ற முதலாளி கடைசிவரை பேசவில்லை.

இப்போது சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறேன். உலகத்து எழுத்துக்கெல்லாம் ஒரே பட்டியல் என்று ஆகிவிட்டது. என் பெண்ணின் போனில் சீனம், தமிழ், அரபி எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. கட்டம் வந்த கதையைச் சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை. எனக்கு மட்டும், தெரியாத எழுத்து எதையாவது பக்கத்தில் வைக்கச் சொன்னால், தெரிந்தவர் ஒருவரிடம் கேட்காமல் கை நகராது. பயம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கம்பெனியில் மேலும் ஐந்து வருஷம் இருந்தேன். அக்கா என்னோடு பேசாமல் இருந்ததே இல்லை. மகள் காலேஜில் சேர்ந்ததற்கு முதல் சாக்லேட் எனக்குத்தான் கொடுத்தார், என் கல்யாணத்துக்குக் கம்மாபுரம்வரை பஸ் மாறி வந்தார். எல்லாவற்றுக்கும் மேடம்தான். உட்காருங்க மேடம், சாப்ட்டீங்களா மேடம். வேலையை விட்டு நின்ற கடைசி நாள் அவர் மேசைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஒரே ஒரு தடவை பாப்பா என்று கூப்பிடுங்கள் அக்கா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால், கேட்டதற்காகக் கூப்பிட்டிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.